எட்டு நூல்

மரகதம் இரும்புப் பட்டறையின் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்த அன்று, வெல்டர் சாம்சன் ஜன்னலில் தலையை நீட்டி, “எட்டு நூல் பிளேட்டு இருக்குதாக்கா?” என்றான். அதுவரை துணி தைக்கும் கம்பெனியில் இருந்தவள், “எந்தக் கலரு?” என்று கேட்டுவிட்டாள். வடக்குப்பட்டு ஷெட்டில் அந்தச் சிரிப்பு வருஷக்கணக்கில் ஓடியது. பெயரும் ‘கலர் அக்கா’ என்றாயிற்று.

இரும்புத் தகட்டில் நூல் என்றால் தடிமன். எட்டு நூல் ஒரு இன்ச், ஏறக்குறைய இருபத்தைந்து எம்எம். பழைய ஆட்கள் நூலில் பேசுவார்கள், பெரிய கம்பெனிகளிலிருந்து வந்தவர்கள் எம்எம்மில். நடுவில் அவள். நீளம், அகலம் மீட்டரில், தடிமன் எம்எம்மில். மூன்றையும் பெருக்கி, வந்ததை 7.85-ஆல் பெருக்கினால் கிலோ. பாலிடெக்னிக் படித்த மகன் லோகேஷ் ஒருமுறை சொன்னான், பிடித்துக்கொண்டாள். ஷெட்டில் தொங்கும், பாரம் தூக்கும் செயின் பிளாக் அரை டன்தான் தாங்கும். எதைத் தூக்குவதானாலும் எடையை அவள் சொல்ல வேண்டும்.

அன்று சூப்பர்வைசர் பிரவீன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே வந்தான். “அக்கா, எட்டு எம்எம், எட்டடிக்கு நாலடி, ரெண்டு பிளேட்டு. சேத்துத் தூக்கலாமா?”

“லைன்ல சாம்சனா, கடையிலேருந்து? நூலுன்னானா, எம்எம்னானா?”

“எம்எம்தாங்க்கா. எத்தினி வாட்டி கேப்பீங்க?”

“நல்லா கேட்டியா?”

“அக்கா!”

“ரெண்டும் சேந்து நானூறு கிலோ கூட வராது. தூக்கலாம்.”

சாம்சனை ஏற்றிக்கொண்டு டெம்போ வந்தது. பின்பக்கம் அமுங்கி, மட்கார்டு டயரில் உரசிக்கொண்டு வந்தது. நானூறு கிலோவுக்கு வண்டி இப்படி உட்காராது. ஜன்னலிலிருந்து கத்தினாள். கிரைண்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஓடினாள். அதற்குள் இரண்டையும் சேர்த்துக் கட்டியாயிற்று. பிளேட்டைத் திருப்பிவிட ஹெல்பர் ஜோயல் கொக்கிக்குக் கீழே நின்றிருந்தான்.

“நிறுத்துப்பா! இது எம்எம் இல்ல, நூலு!”

“நீங்கதானே தூக்கலாம்னீங்க?” என்றான் பிரவீன்.

“நீ சொன்ன எம்எம்முக்குச் சொன்னேன். ஓரத்தத் தொட்டுப் பாரு.”

“வண்டிய அனுப்பணும்க்கா. சாம்சன், இழு.”

“ஸ்டோர்ல ஓகே சொல்லிட்டாங்கன்னாங்களே?” சாம்சன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு விழித்தான்.

மரகதம் முந்தானையைச் செருகிக்கொண்டு டெம்போவில் ஏறினாள். பிளேட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“இப்ப இழுடா.”

“ஐயோ அக்கா, உன் வெயிட்டையும் சேத்துக் கணக்குப் போடணுமே!” என்றான் சாம்சன்.

“போடு. அதுலயாவது நூலா எம்எம்மான்னு சந்தேகம் வராது.”

சிரித்தார்கள். ஜோயல் மட்டும் டேப்பை எடுத்து ஓரத்தில் வைத்தான். ஒரு இன்ச். ஒரு பிளேட்டே அரை டன்னைத் தாண்டும். இரண்டும் சேர்ந்தால் ஒரு டன்னுக்கு மேல். அவன் கொக்கிக்குக் கீழிருந்து விலகி வந்தான்.

ஒரகடத்திலிருந்து கிரேன் வந்து இறக்குவதற்குள் அன்றைய வேலை கெட்டது. ‘ஸ்டோர்ல எடை தப்பாக் குடுத்துட்டாங்க’ என்று பிரவீன் முதலாளியிடம் சொல்லிவிட்டான். அவரும் அதையே பிடித்துக்கொண்டார்.

வீட்டில் டம்ளரை நங்கென்று வைத்தாள். “கேட்டேன்டா. ரெண்டு வாட்டி கேட்டேன். என் தலையிலயே கட்டிட்டானுங்க.”

“எட்டு நூல்னா இருபத்தஞ்சு புள்ளி நாலும்மா…” என்று ஆரம்பித்தான் லோகேஷ்.

“எனக்கேவாடா!”

அன்றிலிருந்து எவர் எதைக் கேட்டாலும் “நூலா, எம்எம்மா?” என்பாள். பிரவீனை மட்டும் மூன்று முறை கேட்பாள். அவன் பல்லைக் கடிப்பான். ஷெட்டில் அது இன்றும் ஸ்டோர் செய்த தப்புதான்.

இந்த ஆடியில் போய்ச் சேர்ந்தாள். ஈரலில் வந்த நோய் அதற்குமுன் அவளைக் கரைத்திருந்தது. எடுக்கும்போது ஜோயல் முன்பக்கம் தோள் கொடுத்தான், சாம்சன் பின்னால். தூக்கியதும் சாம்சன் நின்றுவிட்டான்.

“இன்னாடா லோகேசு, வெயிட்டே இல்ல.”

திரும்பிப் பார்க்காமல் ஜோயல், “நட” என்றான்.