கடைசி வரியில் இருந்த கட்டம்

போன வாரம் மூன்று நாள் எனக்கு ஒரே வேலை. ஒரு ஆஸ்பத்திரிக்கு நான் எழுதிக் கொடுத்த டேட்டாபேஸ் ஃபார்ம், எந்த மானிட்டரில் திறந்தாலும் திரைக்குள் முழுசாக அடங்க வேண்டும். ரெசல்யூஷனைப் பார்த்து, கட்டங்களையும் எழுத்துகளையும் அதற்கேற்பக் கூட்டிக் குறைக்க வேண்டும்... அவ்வளவுதான். ஆறு மாதம் முன்பே செய்திருக்கலாம். ஏன் செய்யவில்லை? திமிர். வேறென்ன?

என் வீட்டில் பதினேழு இன்ச் மானிட்டர். அதில் ஃபார்ம் லட்சணமாக இருந்தது. ஓரத்தில் ஸ்க்ரோல் பார் அசிங்கமாகத் தெரிந்தது – எடுத்துவிட்டேன். சேவ் பட்டனை மேலே வைத்தேன். 'ஒத்துக்கொள்ளாத மருந்துகள்' என்ற கட்டம் கடைசி வரியில்.

ரிசப்ஷனில் இருந்ததோ பழைய பதினாலு இன்ச். அதில் முகவரியோடு ஃபார்ம் முடிந்துவிடும். கீழே இன்னொரு வரி இருப்பதே தெரியாது. அங்கே உட்காரும் ஷீலா, கேரள எல்லைப் பாறசாலைப் பெண், ஒருநாள் போன் செய்தாள்.

"சாரே, மருந்து ஒத்துக்காதுன்னா எங்க அடிக்கணும்? இடம் காணலையே."

"எல்லாம் இருக்கு. கண்ணைத் தொறந்து பாரும்மா" என்று போனை வைத்துவிட்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை. ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் மறுபடி கேட்பார்களா?

போன மாதம் போனக்காடு எஸ்டேட்டிலிருந்து தேவராஜ் என்பவரைக் கொண்டு வந்தார்கள். வாய் திறந்து பேச முடியாத காய்ச்சல். பென்சிலின் ஆகாது என்று அவர் மனைவி ரிசப்ஷனில் சொல்லியிருக்கிறார். ஷீலா ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்தாள். கூட்டத்தில் சீட்டு உள்ளே போய்ச் சேரவில்லை.

டாக்டர் அறையில் புது மானிட்டர். அதில் அந்தக் கட்டம் நன்றாகவே தெரிந்தது... காலியாக. காலி என்றால் ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்? பென்சிலின் ஊசி போட்டார்கள். அரை மணி நேரத்தில் ஆள் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. புரோகிராமில் தப்பில்லை என்றுதான் இன்னும் நினைக்கிறார்கள். தப்பு எங்கே என்று எனக்குத்தான் தெரியும்.

நேற்று புது ஃபார்மை ரிசப்ஷனில் போட்டுக் கொடுத்தேன். எல்லாக் கட்டமும் அந்தப் பழைய திரைக்குள் அடங்கியிருந்தது. சரிபார்க்க ஷீலா ஒரு பதிவைத் திறந்தாள். தேவராஜ், போனக்காடு. கடைசிக் கட்டத்தில் கர்சரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இனி அடிக்கட்டா சாரே?"

அடிக்கச் சொன்னேன். தேவராஜின் மனைவி அன்று சொன்னதை யாராவது ஒருவர் எழுதிக்கொள்ள வேண்டாமா?