மதினி சுமந்த தீர்த்தக்குடம்

சுருளி மலைச் சுனையில் மதினி பித்தளைக் குடத்தை அமிழ்த்திய அந்தக் காலை எனக்கு இன்னும் ஈரமாகவே இருக்கிறது. அருவியில் குளிக்க வந்த வெளியூர்க் கூட்டம் சற்றுத் தள்ளி ஆர்ப்பரித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்க்காரர்களோ மதினியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பம் பக்கத்து எங்கள் ஊரில், அம்மன் திருவிழாவுக்குச் சுருளியிலிருந்து நடந்தே தீர்த்தம் கொண்டு வர வேண்டும். களைத்தவர் குடத்தை இன்னொருவர் தலைக்கு மாற்றலாம். தரையில் வைத்துவிட்டால் அந்த நீர் அம்மனுக்கு ஆகாது. ஓர் ஆண்டு தவறினால் அந்த வீட்டின் உரிமை பங்காளிக்குப் போய்விடும். எங்கள் வீட்டுக் குடத்தைச் சுமந்த அண்ணன் அந்த ஆண்டு உயிரோடு இல்லை. அவருக்கு மகனும் இல்லை.

"தாலி இழந்தவ தீர்த்தம் எடுத்தா ஊரு ஒத்துக்கிராது ஆத்தா. எம் மகன் தூக்கட்டும்" என்று பங்காளியான சித்தப்பா முன்பே சொல்லியிருந்தார்.

"அப்பறம் அது ஒங்க வீட்டுக் கொடம்ல, மாமா" என்றார் மதினி.

அவரை யாரும் தடுக்கவில்லை. தலை மாற்றவும் யாரும் வரவில்லை. கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டுக் குடத்தைத் தொடக்கூடாது என்பதால், நான் வெறுங்கையோடு பக்கத்தில் நடந்தேன். திராட்சைத் தோட்டங்களுக்கு இடையே தார்ச்சாலை கொதித்தது. அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, "கழுத்து வலிக்குதா மதினி?" என்று ஓயாமல் கேட்டேன்.

"கொடம் பேசாம வருது. நீதான் பொலம்பிக்கிட்டே வார" என்று சிரித்தார். கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன.

கோயில் வாசலில் சித்தப்பா வழியை மறித்து நின்றார். "அங்கன இறக்கி வச்சிட்டுப் போ ஆத்தா. பெறகு பாத்துக்குவோம்."

"கீழ வச்சா அம்மனுக்கு ஆகாதுன்னு சொன்னது நீங்கதான மாமா? நான் நிக்கிறேன். நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

நின்றார். மதினி குடத்தை இறக்காமல் நிற்பதைக் கூட்டம் முழுவதும் பார்த்தது. பிறகு எல்லாப் பார்வைகளும் சித்தப்பாவின் மேல் திரும்பின. அவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி மெல்ல ஒதுங்கினார்.

பூசாரி குடத்தை வாங்கினார். சுமந்தவர் பெயரை வீட்டுப் பெரியவரிடம் கேட்டுப் பூசாரி சன்னதியில் உரக்கச் சொல்வது முறை. சித்தப்பா அண்ணன் பெயரைச் சொல்லத் தொடங்கினார்.

"அவுக பேரு வேணாம் மாமா" என்றார் மதினி, கழுத்தைப் பிடித்துக்கொண்டே. "சொமந்தவ பேரச் சொல்லுங்க."

சித்தப்பா மதினியின் பெயரைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். இந்த ஆண்டும் மதினிதான் குடம் சுமந்து வந்தார்; பூசாரி யாரையும் கேட்கவில்லை. குடத்தை வாங்கியதுமே மதினியின் பெயரைத் தாமாகவே உரக்கச் சொன்னார்.