சிங்கப்பூர் எத்தனை மணி நேரம்?

அந்தத் தபால் கார்டில் நலம் விசாரிப்பு ஒரே வரிதான். அடுத்த வரியில் லாத்தா கேட்டிருந்தாள்: "மெட்ராஸிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் எத்தனை மணி நேரத்தில் போகும்? சரியாக விசாரித்து எழுது." ஐம்பதுகளின் கடைசி அது. நான் மெட்ராஸில் ஒரு தோல் மண்டியில் வேலை பார்த்தேன். என் அக்காவான லாத்தா கீழக்கரையில் எங்களைப் பெற்ற வாப்பாவோடு இருந்தாள். கல்யாணமான நாலாம் மாதம் சிங்கப்பூருக்குக் கப்பலேறிய மச்சான் ஆறு வருடமாகத் திரும்பவில்லை. "வர ஆசைதான், தூரம் தடுக்கிறது. போக எட்டு நாள், வர எட்டு நாள். கடையை யார் பார்ப்பது?" என்று எல்லாக் கடிதத்திலும் எழுதுவார்.

விமானக் கம்பெனி அலுவலகத்தில் விசாரித்தேன். காலையில் ஏறினால் சாயங்காலத்துக்குள் இறங்கிவிடலாம் என்றார்கள். எனக்கே நம்ப முடியவில்லை. ராமநாதபுரத்தில் ரயிலேறி மெட்ராஸ் வந்து சேரவே அதைவிட நேரமாகும். கேட்டதை அப்படியே எழுதிப் போட்டேன்.

தானே போய்ப் பார்க்கிறேன் என்று லாத்தா சொன்னதும் வாப்பா கொதித்துப் போனார். "பொம்பளப் புள்ள தனியா வானத்துல போறதா? ஊரு சிரிக்கும்."

"ஆறு வருசமாச் சிரிச்சுக்கிட்டுத்தான இருக்கு வாப்பா" என்றாள் லாத்தா.

நகைகளை விற்று டிக்கெட் எடுத்தாள். மீனம்பாக்கத்தில் நான்தான் வழியனுப்பினேன். வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு விமானப் படியேறியவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு நடந்ததை அவளே சொன்னாள். கடையில் மச்சானின் மடியில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. அவரை வாப்பா என்று கூப்பிட்டது. இவளைக் கண்டதும் அவர் பதறி எழுந்து, "சொல்லாமக் கொள்ளாம இம்புட்டுத் தூரம் ஏன் வந்தே?" என்றிருக்கிறார்.

"விடியக்கால சுபுஹு தொழுதுட்டு மெட்ராஸ்ல ஏறுனேன். இங்கன இன்னும் பொழுதடஞ்சு மஃரிபுக்குப் பாங்கு சொல்லல. தூரம் எங்க இருக்கு, சொல்லுங்க."

லாத்தா அங்கே எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்றில் தங்கி, மார்க்க வழக்குகளைத் தீர்க்கும் காஜியார் முன்னால் மணவிலக்குக் கேட்டாள். ஊரில் மானம் போய்விடும் என்று கெஞ்சினார் மச்சான். அவள் இறங்கி வரவில்லை.

திரும்பியது கப்பலில். "ஏன் லாத்தா, ஏரோப்பிளேன்ல வரலியா?" என்று துறைமுகத்தில் கேட்டேன். "இனி எனக்கு என்ன தம்பி அவசரம்? எட்டு நாளும் நல்லாத் தூங்குனேன்" என்றாள்.

இன்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் துபாய்க்குப் போவதை மதுரைக்குப் போவதுபோலச் சொல்கிறார்கள். அன்று விமானமேறிப் போய்வந்த ஒருத்தியைப் பார்க்கத் தெருவே கதவிடுக்குகளில் நின்றது. வாப்பா வாசலிலேயே எங்களை நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அவன் தலாக் சொல்லிட்டானாம்மா?"

"அவர் சொல்லல வாப்பா. நான் கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

தெருவுக்கே கேட்கும்படிதான் சொன்னாள். வாப்பா என் கையிலிருந்த அவள் பெட்டியை வாங்கி, தானே உள்ளே தூக்கிக்கொண்டு போனார்.