பெயிண்ட் டப்பாவில் ஒரு நல்ல செய்தி

ஐம்பத்திரண்டு வயதில், காலையில் குளித்து, சவரம் செய்து, பவுடரும் போட்டுக்கொண்டு, ஒரு காலி பெயிண்ட் டப்பாவுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் பதினோரு நாள் உட்கார்ந்திருந்தேன். ஒரு பூச்சி வீடு பார்க்க வரும் என்று. சவரம் எதற்கு என்று எனக்கே இன்றுவரை விளங்கவில்லை. வீட்டு ஓனர் கொஞ்சம் கௌரவமாகத் தெரிந்தால் குடிவருகிறவர்களுக்கு நம்பிக்கை வரும் என்று நினைத்திருப்பேன் போலிருக்கிறது.

எல்லாம் கத்தரிச் செடியால் வந்தது. பாகூருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் கத்தரி பூப்பூவாய்ப் பூத்துக் காய் பிடிக்காமல் உதிர்ந்துகொண்டிருந்தது. "கடையில அரைக்கிலோ வாங்கினா முடிஞ்சிது" என்றாள் மனைவி. நான் படிக்கிறவன். அதனால் சுலபமான வழி எதுவும் எனக்கு ஒத்துவராது. பூ காயாகத் தேனீ வரவேண்டும், தேனீ வகைகளில் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதே இல்லை என்று இணையத்தில் ஒரு பக்கத்தில் படித்தேன். ராணி கிடையாது, வேலையாட்கள் கிடையாது. ஒற்றைத் தாய், ஒரு துளையைப் பிடித்து, முட்டையிட்டு, பிள்ளைக்குச் சாப்பாடு வைத்து, வாசலை அடைத்துவிட்டுப் போய்விடும். நாம் துளை கொடுத்தால் போதும், தோட்டத்துக்கே வந்து தங்கும்.

பந்தல் போட்டு மிஞ்சிய மூங்கிலைச் சாண் சாணாக அறுத்தேன். இடையிடையே விரலையும் அறுத்தேன். துண்டுகளைப் பெயிண்ட் டப்பாவில் நெருக்கமாக அடுக்கி, காலை வெயில் படவேண்டும் என்பதற்காகத் தெருப்பக்கச் சுவரில் தொங்கவிட்டேன். தெருப்பக்கம் தொங்கவிட்டதுதான் என் வாழ்க்கையின் பெரிய தவறுகளில் ஒன்று.

முதலில் விசாரித்தவர் எதிர்வீட்டு அம்மாள்.

"இன்னாண்ணா இது?"

"தேனீ வளர்க்கிறேம்மா."

"எத்தினி லிட்டர் தேன் வரும்?"

"இது தேன் குடுக்காத தேனீ."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணி கிட்ட சொல்லிட்டுத்தான் செய்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பன்னிரண்டாம் நாள் அது வந்தது. வாயில் பச்சையாக எதையோ கவ்வியபடி ஒரு மூங்கிலுக்குள் நுழைந்தது. இலை வெட்டும் தேனீ! நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். மரியாதைக்காகத்தான். சாயங்காலத்துக்குள் அந்த மூங்கில் வாயைச் செம்மண்ணால் வழவழவென்று பூசி அடைத்துவிட்டது. இரண்டு நாளில் பக்கத்து மூங்கிலும் அடைபட்டது. அதற்குக் களிமண். இலை வெட்டும் தேனீ இலையால்தான் அடைக்குமே தவிர மண்ணால் அடைக்காது என்று அதே பக்கத்தின் அடியில் போட்டிருந்ததாம். அவ்வளவு தூரம் நான் போகவில்லை.

பெருமை தாங்காமல் எதிர்வீட்டு அம்மாளை நானே கூப்பிட்டுக் காட்டினேன். டப்பாவைப் பார்த்தார். மண்ணைப் பார்த்தார். பிறகு எங்கள் சமையலறை ஜன்னலைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கொளவி கூடு கட்டிகீது. சொல்லவே இல்லியேண்ணா!"

வீட்டில் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் யாரோ முழுகாமல் இருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் இதை ஸ்கேன் ரிப்போர்ட்டைவிட நம்புவார்கள். செம்மண் என்றால் பெண், களிமண் என்றால் ஆண். எங்கள் வீட்டில் இருப்பது நானும் மனைவியும் மட்டும். மகன் வேலூரில் படிக்கிறான். மனைவிக்கு நாற்பத்தேழு.

"ரெண்டு மண்ணும் கீது. ரெட்டை!" என்றார் அந்த அம்மாள்.

"இது குளவி இல்லம்மா, தேனீ" என்று அரைமணி நேரம் விளக்கினேன். நான் விளக்க விளக்க அவர் சிரிப்பு அதிகமானது.

மறுநாள் பால் பூத்திலிருந்து வந்த மனைவி பாத்திரத்தை டமாரென்று வைத்தாள். "கால் லிட்டர் கூடவே வாங்கிக்கோ, ஒடம்புக்கு நல்லதுன்றா பால்காரி. வெள்ளிக்கிழம வில்லியனூர்ல அக்கா பொண்ணு வளைகாப்பு. அத்தினி சனமும் வரும். அதுக்குள்ள அந்த டப்பா எறங்கணும்."

"உள்ளே குஞ்சுங்க இருக்குடி. மூணு வாரம் பொறு. தேனீ வெளிய வந்ததும் எல்லார் வாயும் தானா அடங்கும்."

"அதுவரிக்கும் நான் முழுகாம இருக்கணுமா?"

கடைசியில் சமாதானமாக டப்பாவை ஒரு துண்டால் மூடிவைத்தேன். அதைவிட மோசமான காரியத்தை நான் செய்திருக்க முடியாது. கருத்தரித்தால் முதல் மூன்று மாதம் வெளியே சொல்லக் கூடாது என்பதும் எங்கள் வழக்கம்தானே. "கண்ணு படும்னு மூடி வெச்சிகீறாரு" என்று தெருவே மெச்சியது.

செய்தி எங்களுக்கு முன்னாலேயே வில்லியனூர் போய்ச் சேர்ந்திருந்தது. வளைகாப்பு மண்டபத்தில் வந்த பெண்களுக்கெல்லாம் ஆளுக்கு இரண்டு வளையல் கொடுத்தார்கள். என் மனைவிக்கு மட்டும் அவள் அக்கா கை நிறைய அடுக்கினாள். அவள் இலையில் மட்டும் புளிசாதம் இரண்டு தடவை விழுந்தது.

"ஏய், நான் ஆபரேஷன் பண்ணி இருவது வருசம் ஆவுது" என்று மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்குக் கேட்டது.

"சில பேருக்கு அது புட்டுக்கும்டி" என்றாள் அக்கா, கருணையோடு.

ஆண்கள் பந்தியில் முன்பின் தெரியாத ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிவிட்டுப் பாயசம் சாப்பிடப் போய்விட்டார். திரும்பும்போது ஸ்கூட்டரில் என் முதுகுக்குப் பின்னால் வளையல்கள் வழிநெடுகக் குலுங்கின. மனைவிக்குப் பதிலாக வளையல்தான் பேசியது.

இனி எல்லாம் அந்தத் தேனீ கையில். அது தேனீயாகப் பிறந்தால் மனைவியின் பெயர் தப்பிக்கும்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் செம்மண் மூடியில் ஊசிமுனை ஓட்டை விழுந்தது. மனைவியை அழைத்தேன். சாட்சி வேண்டும் என்று எதிர்வீட்டு அம்மாளையும் அழைத்தேன். துண்டை விலக்கினேன். ஓட்டை பெரிதானது. முதலில் ஒரு மஞ்சள் முகம். பிறகு நூல் போல ஓர் இடுப்பு. எந்தத் தேனீக்கும் அப்படி ஓர் இடுப்பு கிடையாது. அது சாவகாசமாக மீசையைத் துடைத்துக்கொண்டு பறந்து போனது. குளவிதான். அன்று அதன் வாயில் நான் பார்த்த பச்சை, இலை அல்ல, புழு.

மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத இங்கே இடமில்லை.

"நாந்தான் அன்னிக்கே சொன்னேனேண்ணா" என்றார் எதிர்வீட்டு அம்மாள். "எங்க வூட்டு சுவிட்ச் போர்டுல வருசா வருசம் கட்டுது. டப்பால்லாம் வெக்கவே தேவல."

"அப்ப உங்க வீட்டில் யாரும்மா முழுகாம இருக்காங்க?"

"எங்க பசு!"

அதற்கப்புறம் மாதங்கள் போயின. கத்தரி காய்க்கவில்லை, மனைவியின் வயிறும் பெருக்கவில்லை. போன வாரம் அவள் அக்கா போன் செய்தாள். மாவு பிசைந்துகொண்டிருந்த மனைவி ஸ்பீக்கரில் போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல அக்காவின் குரல் வந்தது.

"தங்கலியாடி? சரி வுடு, மனச தளர வுடாத. உன் மேல ஒரு கொறையும் இல்ல. பாவம், அவருக்கும் வயசாயிடுச்சி இல்ல?"