முதல் அங்கம் மட்டும்

1. நாற்பது பக்க நோட்டு

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த வருடம். கள்ளக்குறிச்சிப் பக்கம் கோட்டாட்சியர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். மறியலுக்காக ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் பாதி நாள் ஓடும், பாதி நாள் ஓடாது.

ஒரு திங்கட்கிழமை காலை அதிகாரி என்னை அறைக்குள் கூப்பிட்டார். மேஜையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு கிடந்தது.

"நீ பி.ஏ. இங்கிலீஷ் தானேம்மா?"

"ஆமா சார். தபால்ல படிச்சேன்."

"ரிஷிவந்தியம் பக்கம் ரெண்டு வாத்தியாருங்களைப் போலீஸ் புடிச்சிக்கினு வந்திருக்காங்க. டீக்கடை பின்னால நின்னு, வெள்ளிக்கிழமை ஊர்வலத்துல தலைவரை முடிச்சிடலாம்னு பேசினாங்களாம். கேட்டா நாடகம்னு சொல்றானுங்க. ஏதோ பழைய இங்கிலீஷ் நாடகமாம், தமிழ்ல எழுதறாங்களாம். படிச்சிட்டு, இது நாடகமா, வேற எதுனாவான்னு சாயங்காலத்துக்குள்ள ஒரு குறிப்பு எழுதிக் குடு. அதை வெச்சித்தான் நான் ஆர்டர் போடணும்."

அந்த வாரம் வெள்ளிக்கிழமை போராட்டக்காரர்களின் ஊர்வலம் உண்மையிலேயே இருந்தது. அவர்களுடைய தலைவரும் வருவதாகச் சுவரெல்லாம் எழுதியிருந்தது.

பிடிபட்டவர்களில் ஒருவர் ஆறுமுகம். காலனியைச் சேர்ந்தவர், இங்கிலீஷ் வாத்தியார். இன்னொருவர் பழனிவேல். கணக்கு வாத்தியார், மறியலில் இறங்கியிருந்த சமூகத்துக்காரர். அந்த நேரத்தில் ஊரும் காலனியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. இந்த இரண்டு பேர் மட்டும் தினம் ஒன்றாக நின்று பேசியதே போலீசுக்குச் சந்தேகமாக இருந்திருக்கிறது.

நோட்டைப் பிரித்தேன். நாடகத்தின் பெயர் இல்லை. 'முதல் அங்கம்' என்று மட்டும் இருந்தது. பாத்திரங்களுக்கும் பெயர் இல்லை. முதல் ஆள் 'மு', இரண்டாவது ஆள் 'இ', அவ்வளவுதான்.

'மு: தலைவர் ஊர்வலம் கிழக்கு வாசல் வழியாக வரும். நம் ஆட்கள் அங்கே நிற்பார்கள்.
இ: அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.
மு: கோபம் யாருக்கு வேண்டும்? அவர் சொன்னால் ஊரே கேட்கிறது. நாளைக்கு அவர் தப்பாகச் சொன்னாலும் கேட்கும். உனக்குப் பயமாக இல்லையா?'

நாற்பது பக்கமும் இப்படியே போனது. கொலை இல்லை, கத்தி இல்லை, பேச்சுதான். ஒரு பக்கம் படித்தால் நாடகம் மாதிரி இருந்தது. அடுத்த பக்கம் படித்தால் வெள்ளிக்கிழமைக்கான திட்டம் மாதிரி இருந்தது.

பக்கத்து மேஜை ஹெட் கிளார்க் எட்டிப் பார்த்தார். "இது மந்திரியைப் பத்திம்மா, சந்தேகமே இல்ல" என்றார். பியூன் நான் வாசித்த இரண்டு பக்கத்தைக் கேட்டுவிட்டு, "எங்க தலைவரைத்தான் சொல்றானுங்க" என்று முறைத்தான். மூன்றாவதாக ஒருவர், "அவங்க ஸ்கூல் எச்.எம். பத்தியா இருக்கும்" என்றார்.

2. என் குறிப்பு

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஆறுமுகம் போலீசிடம் பெயர் சொல்லியிருந்த அந்தப் பழைய சோக நாடகம் எனக்குப் பாடமாக இருந்ததுதான். ஆனால் நான் மூல நூலைப் படித்ததில்லை. நோட்ஸ் வாங்கிப் படித்துப் பாஸானவள். முதல் அங்கத்துக்கு அந்த நோட்ஸில் ஐந்து வரிதான் இருந்தது. 'நண்பர்கள் சதி செய்கிறார்கள்' என்பது மட்டும் ஞாபகத்தில் இருந்தது. அது எதற்கும் பொருந்தும்.

"சார், நான் அதைப் படிச்சதில்ல" என்று சொல்ல வாய் வரவில்லை. ஆபீசில் பி.ஏ. இங்கிலீஷ் என்பதுதான் எனக்கிருந்த ஒரே மரியாதை.

சாயங்காலம் இப்படி டைப் அடித்துக் கொடுத்தேன்: 'மேற்படி நோட்டு நாடக வடிவில் உள்ளது. எனினும் முதல் அங்கம் மட்டுமே உள்ளதால், இதன் நோக்கம் யாதென உறுதியாகக் கூற இயலவில்லை.'

நேர்மையாக எழுதிவிட்டதாக நினைத்தேன். அதிகாரி படித்துவிட்டு, "கூற இயலவில்லையா? அப்ப ஊர்வலம் முடியிற வரைக்கும் உள்ள இருக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டார். இரண்டு பேரையும் சப் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

எங்கள் ஆபீஸ் வாசலில் வேனில் ஏறும்போது பழனிவேல் திரும்பி, "மேடம், நீங்க இங்கிலீஷ் படிச்சவங்கதானே?" என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

3. இரண்டு நோட்டும் ஒரு புத்தகமும்

வெள்ளிக்கிழமை ஊர்வலம் அமைதியாக முடிந்தது. ஆனால் அவர்கள் வெளியே வரவில்லை. ஃபைல் நகரவில்லை. என் குறிப்பு அதன்மேல் குத்தியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆறுமுகத்தின் ஊருக்குக் கிளம்பினேன். பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. வெட்டிப் போட்ட மரங்களைத் தாண்டித் தாண்டி, மீதி தூரம் நடந்தேன். ஆறுமுகம் வீட்டில் அவர் மனைவி செல்வி இருந்தாள். நான் யாரென்று சொன்னதும் உட்காரச் சொல்லவில்லை.

"நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாமே. இங்க வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்லீங்களா? அந்த இங்கிலீஷ் புக்கு இங்கதான் இருக்குது. போலீசு நோட்டை மட்டும் எடுத்துக்கினு போனாங்க. இன்னா புக்குன்னு ஒருத்தரும் கேக்கல."

புத்தகத்தோடு இன்னொரு நோட்டையும் கொண்டுவந்து போட்டாள். அது பழனிவேல் எழுதியது என்றாள். 'மு' பேசும் வசனங்களை மனப்பாடம் செய்ய மறுபடி எழுதி, எங்கே மூச்சு விடவேண்டும், எங்கே கையைத் தூக்கவேண்டும் என்று குறித்து வைத்திருந்தார்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த நாடகத்தின் முதல் அங்கத்தைப் படித்தேன். அவர்கள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து படித்தேன். ஆறுமுகம் வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர்களை எல்லாம் எடுத்திருந்தார். நம் ஆட்களுக்குப் புரியட்டும் என்று ஊர்வலத்தைச் சேர்த்திருந்தார். மற்றபடி பேச்சுக்குப் பேச்சு ஒத்துப்போனது.

திங்கட்கிழமை இடது பக்கம் மூலம், வலது பக்கம் தமிழ் என்று பதினோரு தாள் டைப் அடித்தேன். கடைசியில், 'முந்தைய குறிப்பு எழுதும்போது நான் மூல நூலைப் படித்திருக்கவில்லை' என்று சேர்த்தேன். அதிகாரி அந்த வரியை இரண்டு தடவை படித்தார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா வேற ஆளைக் கேட்டிருப்பேனேம்மா" என்றார். எனக்கு ஒரு மெமோ வந்தது. அவர்கள் இரண்டு பேரும் அன்று மாலை வெளியே வந்தார்கள்.

நாடகம் நடக்கவில்லை. தலைவரைக் கொல்லப் பார்த்தவன் என்று பழனிவேலோடு அவர் பங்காளிகளே பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவர் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

ஆறுமுகம் நோட்டைத் திரும்ப வாங்க ஆபீசுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்டேன். பிறகு, கேட்கக்கூடாதுதான், ஆனாலும் கேட்டேன். "அந்தத் தலைவர் யாருங்க சார்? யாரை மனசுல வெச்சி எழுதுனீங்க?"

"யாரையும் இல்லீங்க மேடம். அந்த 'இ'யைப் பத்தித்தான் எனக்கு யோசனை. கோபம் இல்ல, பகை இல்ல, நல்ல மனுஷன். அவன் ஏன் கூட சேந்தான்? எத்தினி தடவ படிச்சும் புரியல. தமிழ்ல எழுதிப் பாத்தாவது புரியுதான்னு பாத்தேன்."

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை என்பது தெரியும். இருந்தும் அன்றைக்கு முழுவதும் என்னால் ஒரு தாள்கூட டைப் அடிக்க முடியவில்லை.

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். புரியவில்லை என்றால், எது புரியவில்லை, ஏன் புரியவில்லை என்று எழுதுங்கள். நீங்கள் படிக்காதது என்றால் படிக்கவில்லை என்று எழுதுங்கள். 'கூற இயலவில்லை' என்று பொதுவாக எழுதி வைத்தால், நீங்கள் எந்தப் பக்கமும் சாயாதவர் ஆகிவிட மாட்டீர்கள். உங்களுக்கு யார்மேலும் கோபம்கூட இருக்காது. ஆனாலும் ஒருவர் உள்ளே போயிருப்பார்.