பொங்காத சூரியன்

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் மிங்கலா தாங்ஞுன்டில் குடியிருந்தோம். ரயில் போனால் ஜன்னல் நடுங்கும் மாடி வீடு. ஒருநாள் மதியமே வர வேண்டிய கரண்ட் வரவில்லை. கரண்ட் வந்தால் "மீ லாபி", விளக்கு வந்தாச்சு, என்று தெருவே பர்மிய மொழியில் கூவும். அந்தக் கூச்சலுக்குக் காது கொடுத்திருந்தோம். மறுநாள் காலை பக்கத்துத் தெருக் கல்யாண வீட்டுக்கு இட்லி தருவதாக மனைவி ஒப்புக்கொண்டிருந்தாள். அவளுடைய முதல் பெரிய ஆர்டர். பொழுது சாய்வதற்குள் அரைத்தால்தான் விடிவதற்குள் புளிக்கும். அரிசியும் உளுந்தும் ஊறிக் கிடக்க, கிரைண்டர் ஊமையாக நின்றது.

எனக்கு உட்காரத் தெரியாது. நடைபாதையில் வாங்கிய பழைய அறிவியல் பத்திரிகையோடு கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன். சூரியனுக்குள் ஹைட்ரஜன் கருக்கள் சேர்ந்து ஹீலியமாகின்றனவாம். சேரும்போது காணாமல் போகிற துளி எடைதான் இத்தனை வெயிலும். தண்ணீரிலிருந்து எடுக்கும் கன ஹைட்ரஜனை வைத்து அதே காரியத்தைப் பூமியிலும் செய்யலாமாம். ஆற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கரண்டுக்குக் காத்துக் கிடக்கிறோமே என்றேன்.

"அப்ப செய்ய வேண்டியதுதானே?" என்றாள், அரிசியைக் கிளறியபடி.

பழைய ஸ்பீக்கர்களில் கழற்றிய இரண்டு காந்தங்களை அவள் கையில் கொடுத்தேன். ஒரே முனைகளைச் சேர்க்கப் பார்த்தாள், வழுக்கி விலகின. கருக்களும் இப்படித்தான் முரண்டு பிடிக்கும், கோடிக்கணக்கான டிகிரிச் சூட்டில் வெறிகொண்டு ஓடினால்தான் மோதி ஒட்டும் என்றேன்.

"அவ்வளவு சூட்டை எந்தச் சட்டி தாங்கும்?"

சட்டியே கிடையாது, விஞ்ஞானிகள் அதைக் காந்தத்தால் சுவரில் படாமல் அந்தரத்தில் பிடித்துவைக்கப் பார்க்கிறார்கள் என்றேன். மூட்டுவதற்குப் போடுவதுதான் அதிகம், திரும்பி வருவது குறைவு. அதுவும் சட்டென்று ஆறிவிடுகிறது.

அவள் காந்தங்களைக் கீழே வைத்தாள். அரிசி, உளுந்துப் பாத்திரங்களை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினாள். நான் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

கீழே துணிக்கடை பாயிடம் ஜெனரேட்டர் இருந்தது. கயிற்றை இழுத்தார், இருமி அணைந்தது. மறுபடி இழுத்தார், மறுபடி இருமல். கடைசியில் பற்றிக்கொண்டது. ஆனாலும் கடை விளக்கையெல்லாம் அணைத்த பிறகே கிரைண்டர் சுற்றியது.

"இது டீசல் குடிக்கிற குடிக்கு, தங்கச்சி, உன் இட்லியை நகைக்கடையிலதான் விக்கணும்" என்றார் பாய்.

விடியலில் மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. கரண்டியோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "ஏங்க, அந்தச் சூரியன் செய்யறவங்களுக்கு மட்டும் ஏன் இன்னும் பொங்கல?"

சூடு, நெருக்கம், நேரம் மூன்றும் ஒன்றாகக் கூடிவரவில்லை என்றேன்.

அவள் முதல் ஈட்டை ஊற்றினாள்.