என் பேரின் கெப்பிட்டல் எழுத்து

என் மூத்த சகோதரி ராத்தாவின் பெருவிரலில், கைநாட்டு வைத்தபோது ஒட்டிய நீல மையின் வாசம், துருப்பிடித்த இரும்பில் மண்ணெண்ணெய் ஊற்றியது போன்ற ஒரு வாசம், பிழிந்த தேசிக்காய்ப் பாதியால் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் மூன்று நாள் போகவில்லை. எங்கள் கல்முனைப் பக்கத்தில் வீடு என்றால் அது பெண்பிள்ளைக்குத்தான். கலியாணத்துக்கு முன்பே வீட்டை அவள் பேரில் எழுதி, உறுதிப் பத்திரம் முடித்துக் கொடுத்துவிடுவார்கள். அப்படி ராத்தாவுக்கு உறுதி முடித்த அன்று, பத்திரம் எழுதும் நொத்தாரிசுவின் கந்தோரில் இருந்த கிளாக்கர் மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "வீடு வருகுது, ஒரு எழுத்துத்தான் வரல்ல" என்று சிரித்தாராம். வாப்பா வீட்டுக்கு வந்து, சோற்றையும் தொடாமல், ஐந்தாம் வகுப்பில் இருந்த என்னைக் கூப்பிட்டார்.

"அடுத்த உறுதி உனக்கு. அதில நீ இங்கிலீசில ஒப்பம் வைக்கணும். வருசக் கடைசியில நானே பள்ளிக்கு வந்து பார்ப்பன். பிழையில்லாம எழுதினா ஆறாம் வகுப்பு. இல்லெண்டா அஞ்சோட நிண்டுக்கோ."

உம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "பொம்புளப் புள்ளைக்கு அஞ்சு காணும், அதுக்கு மேல வேணாம்" என்பதுதான் அவ எப்போதும் சொல்லும் சொல். எனக்கோ ஆறாம் வகுப்பைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

எங்களுக்கு இங்கிலீசு படிப்பித்தவ காரைதீவிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு டீச்சர். தமிழில் இல்லாத, குர்ஆன் ஓதப் போகும் இடத்து அறபிலும் இல்லாத ஒரு புதினமான சங்கதியை அவதான் சொன்னா: இங்கிலீசில் ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு உருவம், "கெப்பிட்டல்" என்று பெரியது ஒன்று, "சிம்பிள்" என்று சின்னது ஒன்று. வசனம் தொடங்கினால் கெப்பிட்டல், ஆளின் பேர் என்றால் கெப்பிட்டல், ஊர் என்றாலும் கெப்பிட்டல். அதை எங்கள் மண்டையில் ஏற்ற, வாங்குப் பலகையில் இருந்த பிள்ளைகளையே எழுத்துகளாக்குவா. அவ ஒரு பேரைச் சொன்னதும் முதல் எழுத்துக்காரர் எழும்பி நிற்கவேண்டும், மற்றவர்கள் குந்தியிருக்கவேண்டும். "ராசாவெண்டாலும் மீன் விக்கிறவரெண்டாலும் பேருக்கு ஒரே சட்டம்தான்" என்பா. நான் உசரத்தில் கட்டை. எழும்பி நின்றால் பொடியன்கள், "டீச்சர், இவ இன்னும் சிம்பிளாத்தான் இரிக்கா" என்று பகிடி பண்ணுவார்கள். ஆனால் கொப்பியில் என்னை மிஞ்ச அந்த வகுப்பில் ஒருவருமில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, சொன்னாலும் பிழையில்லை.

வாப்பா சொன்னபடியே வந்தார். வெள்ளைச் சாரன், வெள்ளைத் தொப்பி, வயல் வெயிலில் கறுத்த முகம். டீச்சர் கரும்பலகைக்குப் பக்கத்தில் கதிரை போட்டுக் கொடுத்தா. பலகையில் நாலு கோடு இரண்டு வரிசை இழுத்து, வாப்பாவின் பேரையும் கீழே என் பேரையும் எழுதச் சொல்லிச் சோக்குத் துண்டை என் கையில் வைத்தா.

இங்கிலீசில் வாப்பாவின் பேரை, "ஆதம்லெவ்வை" என்று எழுதினேன். முதல் எழுத்து மேல்கோட்டைத் தொட்டு நின்றது. பிறகு என் பேர். கை நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் வாப்பா கதிரையில் இருந்தால் நாங்கள் பாயில் இருப்போம், அவர் பாயில் என்றால் நாங்கள் கதவுக்குப் பின்னால் நிற்போம். அவருக்கு முன்னால் நிமிர்ந்து நின்று எனக்குப் பழக்கமில்லை. இங்கே அவர் பேருக்குக் கீழே, அவர் பார்த்துக்கொண்டிருக்க, என் பேரை அதே உசரத்தில் நிறுத்தவேண்டும். சட்டம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே "ஹலீமா" என்பதை மேல்கோட்டைத் தொடவிடாமல் குறுக்கி, சின்ன எழுத்தில் தொடங்கி முடித்தேன்.

வாப்பாவுக்கு இங்கிலீசு தெரியாது, ஆனால் வயலில் வரம்பு கட்டின கண், மட்டம் பிசகினால் பிடித்துவிடும். "டீச்சர், கீழே உள்ளது ஏன் பதிஞ்சு கிடக்கு?" என்று கேட்டார்.

டீச்சர் என்னைப் பார்த்தா. அவவுக்கு வாப்பாவின் நிபந்தனை தெரியும். ஒரு பொய் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். "அது பிழை, காக்கா. கெப்பிட்டலில வரணும். அவவுக்கு வடிவாத் தெரியும்" என்று, வாப்பாவை அண்ணன் முறையில் கூப்பிட்டே உண்மையைச் சொன்னா.

"தெரிஞ்சுமா பிழை விட்டாய்?"

"வாப்பா இரிக்கீங்களே" என்றேன்.

வாப்பா எழும்பினார். வகுப்புக்கு வெளியே விறாந்தைக்குப் போய்விட்டார். என் பள்ளிக்கூடம் அத்தோடு சரி என்று நினைத்தேன். சோக்கு வியர்வையில் கூழாகிப்போனது. ஆனால் அவர் வீதிக்கு இறங்கவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூணோடு நின்றார்.

"இப்ப எழுது" என்றார், திரும்பாமலே.

எழுதினேன். பழையதை அழித்து, மேல்கோட்டைத் தொட்டு எழுதினேன்.

"முடிஞ்சுதா டீச்சர்?"

"ஓம்."

உள்ளே வந்தவர் பலகையிலிருந்த இரண்டு பேர்களையும் கனநேரம் பார்த்தார். "வீட்டுக்குச் சொந்தக்காரியாகப் போறவள். நிமிந்துதான் நிக்கணும்" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஆறாம் வகுப்பில் எட்டு மாதம் இருந்தேன். பிறகு பெரிய பிள்ளையாகி வீட்டோடு நின்றேன். ஆனால் என் உறுதியில் கைநாட்டு இல்லை.

அந்த வகுப்பு நின்ற இடத்தில் இப்போது மூன்று மாடி எழும்பியிருக்கிறது; மைப்பெட்டிக்காரக் கிளாக்கரும் இல்லை, வாப்பாவும் இல்லை. போன மாதம், எனக்கு எழுதின அதே வீட்டை என் மகளுக்கு எழுதிக் கொடுக்கப் போனோம். நான் கதிரையில் இருந்தேன். மகள் எனக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, போனில் யாரோடோ கதைத்துக்கொண்டே ஒப்பம் வைத்தாள். கெப்பிட்டலுமில்லை, சிம்பிளுமில்லை, ஒரே ஒரு சுழி. கைத்தடியைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தேன். வாப்பாவைப் போல நான் எழும்பி வெளியே போகவேண்டிய தேவை அவளுக்கு வரவேயில்லை.